அண்ணையின் பேரைக் கூப்பிட்ட நாள்

மாதம் பிறந்தால் எனக்கு ஓய்வூதியம் வருகிறது. அதை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் ஒவ்வொரு முறையும் என் மச்சாளை நினைத்துக்கொள்கிறேன். மச்சாள் என்றால் என் அண்ணையின் மனைவி. நேரே போய் நன்றி சொன்னால், "உமக்கு வேறை வேலை இல்லையோ?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் குறுக்கே பேச அவரால் முடியாது.

எங்களுடையது நெடுந்தீவு. அம்மா இல்லாத வீடு, ஐயாவும் அண்ணையும் நானும்தான். வேலணையிலிருந்து கலியாணம் கட்டி வந்த மச்சாள்தான் வந்த நாளிலிருந்து எங்கள் அடுப்பையும் குசினியையும் எங்களையும் ஆண்டார். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திருத்தலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அண்ணை எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தவர். தெற்கே ஒரு முகாமில் இருந்தார். லீவில் வரும்போது அவர் சப்பாத்துச் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். எனக்கும் அந்தச் சப்பாத்து வேண்டும் போலிருந்தது.

நான் அப்போது எஸ்.எஸ்.சி. சோதனை எழுதிப் பெயிலாகி இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பேர் கல்லூரி. பாதிக் கூரை ஓலை. மற்றப் பாடமெல்லாம் என்னைக் கரை சேர்த்தன, கணக்கு மட்டும் கவிழ்த்துவிட்டது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், இனி என்னத்துக்குப் படிப்பு என்று முடிவு கட்டினேன். அண்ணையின் பழைய நீட்டுக் களிசான் ஒன்றை இடுப்புச் சுருக்கி வைத்திருந்தேன். காலையில் ஒரே ஒரு வள்ளம்தான் போகும். அதில் ஏறுவது என்று இருந்தேன்.

முதல் நாள் பின்னேரம் பந்தடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மச்சாள் தையல் மெசினுக்கு முன்னால் இருக்கிறார். என் களிசான் அவர் மடியில். அதன் கால்கள் இரண்டும் வெட்டுப்பட்டு நிலத்தில்.

"மச்சாள்! என்ன செய்யிறியள்?"

"கட்டைக் களிசான் தைக்கிறன். திரும்பச் சோதனை எடுக்கப் போறீரெல்லோ, பள்ளிக்கூடத்துக்குப் போட வேணும்."

"அது அண்ணை எனக்குத் தந்த களிசான்!"

"அந்த அண்ணையை எனக்குத் தந்தது உங்கடை ஐயா. போய் முகத்தைக் கழுவும்."

முழங்கால் தெரிய நின்றால் ஆள் எடுக்கிறவர்கள் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பியிருப்பார்கள். வேட்டியோடு போக வெட்கம். வள்ளம் நான் இல்லாமலே போயிற்று. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மச்சாள் கையால் சாப்பிடமாட்டேன் என்று சபதம் எடுத்தேன். இரவில் மீன் குழம்பு மணத்ததும் சபதம் தளர்ந்தது. ஐயா மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

சோறு போடும்போதுதான் மச்சாள் விளக்கம் சொன்னார். "உங்கடை அண்ணை சேந்த அண்டைக்கு எல்லாரையும் ஒரே வரிசையிலை நிப்பாட்டினவங்களாம். பிறகு எஸ்.எஸ்.சி. பாசானவையை மட்டும் தனியாக் கூப்பிட்டவங்களாம். எல்லாருக்கும் ஒரே உடுப்பு, ஒரே சப்பாத்து. ஆனா பயிற்சி முடிய அவையின்ரை கையிலை பதவிப் பட்டி ஏறினது. சம்பளமும் வேறை. இவருக்குப் பிறகு வந்த பெடியளும் இவரைத் தாண்டிப் போட்டாங்கள்."

"அண்ணை கவலைப்பட்டவரோ?"

"சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர். ஆனா ரெண்டு தரம் சொன்னவர்."

நான் வீம்புக்குப் படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பாசாகிக் காட்டிவிட்டுப் பிறகு மச்சாளோடு பேசுவதே இல்லை என்று நினைத்துக்கொண்டு பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டினேன். முற்றத்தில் நான் சத்தமாகப் படிக்கும்போது அவர் அயல் வீட்டுப் பிள்ளைகளை அதட்டி அமர்த்துவார். எண்ணெய் முடிந்த விளக்கு நான் கேட்காமலே நிறைந்திருக்கும். மறுதரம் பாசானேன். பேசாமல் இருப்பதெல்லாம் அன்று பின்னேரமே மறந்துபோயிற்று.

அடுத்த முறை ஆள் எடுத்தபோது, அண்ணை நின்ற வரிசையிலிருந்து பிரிந்த அந்த மற்றப் பக்கத்தில் நான் நின்றேன். எழுத்தர் வேலைக்கு எடுத்தார்கள். பயிற்சி முடிந்த கையோடு லான்ஸ் கோப்ரல் என்று ஒரு பட்டி தந்தார்கள். அண்ணை வெயிலிலும் மழையிலும் காவல் நின்று இத்தனை வருடத்தில் எட்டிய சம்பளத்தை நான் தொடங்கும்போதே தாண்டிவிட்டேன். துவக்குச் சுடுவதில் நான் அவர் கால் தூசு. ஒரு துண்டுக் கடதாசியும் கொஞ்சம் ஆங்கிலமும்தான் வித்தியாசம். இதை நியாயம் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அநியாயத்தின் நல்ல பக்கத்தில் என்னை யாரோ தள்ளிவிட்டிருந்தார்கள்.

என்னை அண்ணை இருந்த முகாமின் சம்பளக் கணக்கு எழுதுகிற கந்தோருக்கே மாற்றினார்கள். முதல் நாள் அண்ணை என்னைத் தேடி வந்தார். மேலும் கீழும் பார்த்தார். என் கையிலிருந்த பட்டியை விரலால் அழுத்திப் பார்த்து, "வளைச்சுத் தைச்சிருக்கிறாய், அவிட்டுத் திருப்பித் தை" என்றார். அவ்வளவுதான்.

பிறகு சம்பள நாள் வந்தது. மேசைக்குப் பின்னால் கப்டன் இருப்பார். பக்கத்தில் எழுத்தர் நின்று இலக்கம், தரம், பேர், தொகை என்று சத்தமாக வாசிக்க வேண்டும். பேருக்குரியவர் "சேர்!" என்று சொல்லி முன்னுக்கு வந்து சலூட் அடித்துக் காசை வாங்குவார். அந்த எழுத்தர் அன்றைக்கு நான்.

எங்கள் பக்கத்தில் தமையனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. பிறந்ததிலிருந்து அந்தப் பேர் என் வாயில் வந்ததே கிடையாது. வரிசை குறையக் குறைய எனக்கு வேர்த்தது. அண்ணையின் இலக்கத்தை வாசித்தேன். தரத்தை வாசித்தேன். அடுத்தது பேர். வாயில் வந்தது "அண்ணை" என்ற ஒரு சொல்தான்.

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததால் தெரியாதவர்களும் சிரித்தார்கள். சிங்களச் சார்ஜன் மீசை துடிக்க என் பக்கத்தில் வந்து என்னவென்று கேட்டார். மெதுவாகச் சொன்னேன். அவர் முகம் இளகியது. தங்கள் வீட்டிலும் மூத்தவரைப் பேர் சொல்லுவதில்லை என்றார். "ஆனால் இது வீடில்லை. வாசி" என்றார். அந்த மனிதர் அன்றைக்கு என்னைக் கேலி செய்யவில்லை, தண்டிக்கவும் இல்லை. அவர் எங்கே இருந்தாலும் நன்றாயிருக்கட்டும்.

அண்ணை அசையாமல் நேரே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மூச்சை இழுத்து, ஐயாவின் பேரையும் சேர்த்து, அவருடைய முழுப் பேரைக் கூப்பிட்டேன்.

"சேர்!"

கூரையில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. அண்ணை நடந்து வந்து சலூட் அடித்தார். என்னுடையதிலும் குறைந்த அந்தத் தொகையை நான் வாசித்தேன். அவர் வாங்கிக்கொண்டு போனார்.

பின்னேரம் கந்தோர் வாசலில் நின்று, "வாற மாசமும் அப்பிடித்தான் கூப்பிட வேணும். நீ விழுங்கினா எனக்குத்தான் வெக்கம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கிடைத்த முதல் லீவில் நான் மட்டும் ஊருக்குப் போனேன். குசினியில் மச்சாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒரு பகிடியாகச் சொன்னேன். அவர் துருவுவதை நிறுத்திவிட்டார்.

"அவரின்ரை பேரையோ கூப்பிட்டனீர்? எல்லாருக்கும் முன்னாலையோ?"

அவரும் அந்தப் பேரைச் சொன்னதே இல்லை. அரிசி வாங்கும் கூப்பன் கடையில் புருஷன் பேரைக் கேட்டால், பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்ப்பார். அந்த ஆள்தான் சொல்ல வேண்டும்.

"எப்பிடிக் கூப்பிட்டனீர்? ஒருக்கா எனக்கும் கூப்பிட்டுக் காட்டும்."

நான் எழும்பி, நெஞ்சை நிமிர்த்தி, முகாமில் கூப்பிட்டதுபோலவே கூப்பிட்டேன். முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு மெல்லக் கேட்டார்:

"அவரின்ரை முகம் எப்பிடி இருந்தது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்னைத் திரும்பச் சோதனை எடுக்க வைத்தபோதே, நான் பாசானால் தன் புருஷனுக்கு மேலே போய் நிற்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே செய்திருக்கிறார். அன்றிலிருந்து இந்தக் கேள்வியை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் அவருக்கு முன்னால் குந்தினேன்.

"முகம் வாடேல்லை மச்சாள். அங்கை நிண்ட எல்லாரிலும் சத்தமா 'சேர்' எண்டு சொன்னது அண்ணைதான்."

மச்சாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.