சட்டைக்குள் இருந்தவள்

நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'ஒருநூல்'. கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் லோகோ வரைவது தொழில். எழுத்தை இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் என்று நகர்த்தித் திரையோடு மல்லுக்கட்டுவான். முடிப்பதற்குள் வாடிக்கையாளருக்குத் தாவு தீர்ந்துவிடும். முடித்த பிறகு ஒருவரும் குறை சொன்னதில்லை.

லோகோவை வெறுமனே காட்டினால் யாருக்கும் பிடிபடாது. பையில், டப்பாவில், சட்டையில் ஒட்டவைத்துக் காட்ட வேண்டும். சட்டைக்கு அவன் வைத்திருந்தது மனைவியின் படம். வெள்ளைச் சட்டை போட்டு, ஜன்னலோரம், சிரிப்பை அடக்கமாட்டாமல் நிற்பாள். கைப்பையை எப்போதும் ஒரே பக்கம் மாட்டி மாட்டி இடது தோள் சற்றே இறங்கியிருக்கும். டீக்கடை, ஜிம், மருந்துக்கடை என எல்லார் லோகோவையும் அவள் சுமந்திருக்கிறாள்.

"எல்லாக் கம்பெனிக்கும் நான்தான் யூனிஃபார்ம் போடுறேன். சம்பளம் எப்ப சார் வரும்?" என்று வம்பிழுப்பாள்.

சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் போன வருடம் போயே போய்விட்டாள். அதன்பின் அந்தப் படத்தை அவன் திறக்கவில்லை. இறந்துவிட்டாள் என்று வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. விவரம் தெரியாதவர்கள் கேட்டால், "ஊருக்குப் போயிருக்கா" என்று சமாளிப்பான்.

இந்த நிலையில்தான், ஆன்லைனில் பெண்களுக்கான உடை விற்கக் கிளம்பிய ஒருத்தி அவனிடம் வந்தாள். ஷட்டர் போட்ட கடை கிடையாது. லோகோ, நிறம், அனுப்பும் பெட்டி, காலருக்குள் தைக்கும் லேபிள், இவைதான் அவளுக்குக் கடை. எல்லாவற்றையும் முடித்தவன், கைப்பழக்கத்தில் பழைய சட்டைப் படத்தையும் திறந்து, பாக்கெட்டின் மேல் லோகோவை வைத்து அனுப்பிவிட்டான். அனுப்பிய பிறகுதான் முகத்தைப் பார்த்தான்.

உடனே போன் வந்தது.

"அண்ணா, லோகோ அருமை. அதைவிட அந்தப் பொண்ணு! அந்தச் சிரிப்புதான் நம்ம பிராண்டு. அவங்க நம்பர் குடுங்கண்ணா, போட்டோ ஷூட்டுக்குக் கூப்பிடலாம்."

"அவங்க ஊர்ல இல்லம்மா."

"எப்ப வருவாங்க? நான் காத்திருக்கேன்."

"வர மாட்டாங்க."

"அய்யோ. சரி, அப்ப ஆளை எடுத்துட்டு சட்டையை மட்டும் வைங்கண்ணா."

ஆன்லைன் துணிக்கடைகளில் பார்த்திருப்பீர்கள், ஆளே இல்லாமல் சட்டை மட்டும் உடம்போடு நிற்கும். யாரோ போட்டுக்கொண்டு நின்ற படத்திலிருந்து முகம், கழுத்து, கை என்று ஒவ்வொன்றாக வெட்டி எடுத்த வேலை அது. அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முகத்தை எடுக்கும்போது கண்ணீர் திரையை மறைத்தது. காலரில் ஒட்டியிருந்த முடியை இழை இழையாக அழித்தான். இப்படி ஒரு பாவத்தைச் செய்யவா இந்தத் தொழிலைக் கற்றோம் என்றிருந்தது. கடைசியில் வெறும் சட்டை நின்றது, இடது தோள் இறங்கியபடி.

அதை அனுப்பிய மறுநாள் அந்த உடைக்காரப் பெண் மறுபடி அழைத்தாள்.

"சூப்பர்ணா. இடது தோள் மட்டும் கோணலா இருக்கு. ஒரு நூல் தூக்கி விட்டுடுங்க."

மௌஸின் மேல் கையை வைத்தான். கை நகரவில்லை.

"அது கோணல் இல்லம்மா. என் பொண்டாட்டி அப்படித்தான் நிப்பா."

"அவங்க உங்க வீட்டுக்காரங்களா அண்ணா?"

"ஆமாம்மா," என்றான். "இறந்துட்டா."

சொல்லிவிட்டான். போனைக் காதிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றாமல், அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதான்.