மூன்று தாள்களில் ஒரு கோரை

கோரையக்கா (1949–2017), செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் உலர்தாவரக் காப்பகத்தில் கோரைப் பிரிவின் ஆய்வாளர்.

அவர் மறைந்தபோது காப்பகம் வெளியிட்ட இரங்கற்குறிப்பு நான்கே வரி. ‘கோரைகளின் பரவல் வரைபடத்துக்குத் துணைபுரிந்தவர்’ என்பது அதில் ஒன்று. அவர் துணைபுரியவில்லை. அந்த வரைபடத்தைக் கடைசிவரை எதிர்த்தார். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுத வேண்டியிருக்கிறது.

புல்லும் கோரையும் ஒன்றென்று எண்ணுவோர் பலர். தண்டை விரலிடையே வைத்து உருட்டினால் தெரிந்துவிடும். புல் வழுக்கிக்கொண்டு உருளும். கோரைக்கு மூன்று விளிம்பு, ஒவ்வொன்றும் விரலில் தட்டும். பிரிவுக்குப் புதிதாக வருபவர் யாரானாலும் அக்கா ஒரு தண்டைக் கையில் கொடுத்து, “முதல்ல உருட்டுங்க, அப்புறம் பேசலாம்” என்பார்.

கோரையிலிருந்து கோரையைப் பிரிப்பதுதான் கடினம். அவர் தம் பணிக்காலம் முழுவதும் ஆராய்ந்த சிறிய கோரைக் குழுவில் இரண்டு இனங்கள் தரைக்கு மேலே அச்சாக ஒன்றுபோல் இருக்கும். வேறுபாடு மண்ணுக்குள் இருக்கிறது. கொத்துக்கோரை, குத்தாக நின்ற இடத்திலேயே நின்றுவிடும். ஓடுகோரையோ கயிறுபோல் அடித்தண்டை நீட்டி, நுனியில் கிழங்கு கட்டி, அங்கிருந்து அடுத்த செடியை எழுப்பும். முன்னது சாக்கடை ஓரமெல்லாம் உண்டு. பின்னது, அக்கா தேடியலைந்து கண்டவரை, நகரின் சரக்கு நிலையத்துக்குப் பின்னிருந்த சதுப்பில் மட்டுமே உண்டு.

காப்பகத்தின் இயக்குநர், எந்தக் கோரை எங்கே முளைக்கிறது என்று காட்டும் தம் பரவல் வரைபட நூலில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். அலமாரியில் இருந்த தாள்களை மட்டுமே அவர் பார்த்தார். அவற்றில் ஒன்றிலும் வேர் இல்லை. சேகரிப்பவர்கள் செடியைத் தாளின் நீளத்துக்கு நறுக்கித்தான் ஒட்டுவார்கள். நறுக்கியெறிந்த அடிப்பகுதியில்தான் வேறுபாடு இருந்தது.

2003-இல் சரக்கு நிலையத்தை விரிவாக்கச் சதுப்பை நிரப்ப முடிவாயிற்று. வேறெங்கும் இல்லாத செடி ஏதேனும் அங்கே உண்டா என்று நகராட்சி காப்பகத்தைக் கேட்டது. அக்கா முழுச்செடியை வேரோடு தோண்டி, ஒரு வாளியில் இயக்குநர் அறைக்கே தூக்கிச் சென்றார்.

“சார், இது வேற இனம். அடியைப் பாருங்க.”

“வாளிய அலமாரியில வைக்க முடியுமாம்மா? தாள்ல ஒட்டிக் கொண்டு வாங்க. தாள்ல இருக்கறதுதான் நமக்குச் செடி.”

“ஒரு தாள்ல அடங்காது சார். மடிச்சு ஒட்டவா?”

“மடிக்கக் கூடாதுன்னு விதி போட்டதே நான்தான். மடிச்ச இடத்துல ஒடியுது.”

“அப்ப மூணு தாள்ல ஒட்டறேன்.”

“ஒட்டுங்க. தரையில சொட்டுது பாருங்க.”

அக்கா செடியை அழுத்தி உலர்த்தி, அடி, நடு, நுனி என மூன்று தாள்களில் ஒட்டினார். ஒரே செடியென்று தெரிய மூன்றுக்கும் ஒரே எண்ணை இட்டார். பின்பு, சேற்றில் நின்ற காலில் புண் கண்டு, காய்ச்சலில் படுத்துவிட்டார்.

ஒரு தாள் என்றால் ஒரு செடி என்பது காப்பகத்தின் வழக்கம். தாள்களை அலமாரிகளுக்குப் பிரித்தனுப்பும் பிரிப்பாளர், ஒரே எண் மூன்றுமுறை வந்திருப்பதைக் கைப்பிழையென்று கருதி, தனித்தனி எண் கொடுத்தார். பூ இருந்த தாள் கொத்துக்கோரைக்குப் போயிற்று. வெறுந்தண்டு புல் அலமாரிக்குப் போயிற்று. வேரும் கிழங்கும் ‘இனம் அறியப்படாதவை’ அறைக்குப் போயின. இயக்குநர் பூ இருந்த தாளை மட்டும் கண்டார். வரைபடத்தில் சதுப்பின்மேல் கொத்துக்கோரைக்கு ஒரு புள்ளி வைத்தார். எங்கும் உள்ள செடிதான் அங்கும் உள்ளது என்று நகராட்சிக்குப் பதில் எழுதினார். அக்கா தோண்டிய செடியே அக்காவுக்கு எதிர்ச்சாட்சியாயிற்று.

எழுந்து வந்தவர் நேரே பிரிப்பாளரிடம் போனார்.

“என் செடியோட காலு எங்க தம்பி?”

“எந்தக் காலுக்கா?”

“ஓடுகோரைக் காலு. தலை கொத்துக்கோரையோட இருக்கு. இடுப்பு புல்லோட படுத்திருக்கு. காலை மட்டும் காணோம்.”

“ஒரே நம்பர் மூணு தடவ இருந்துச்சு. நீங்க அசந்துட்டீங்கன்னு நான்தான் திருத்தினேன்.”

“நல்லாத் திருத்தின போ. ஒரு பிள்ளைய மூணு வீட்டுக்குத் தத்துக் கொடுத்துட்ட.”

பிரிப்பாளர் முகம் சுண்டிப்போய், உடன் நின்று தேடி எடுத்துக் கொடுத்தார். மூன்று தாள்களையும் சேர்த்து வைத்துக் காட்டியபோது இயக்குநர் நெடுநேரம் பார்த்தார்.

“வரைபடம் அச்சுக்குப் போயிடுச்சு. மறுபதிப்புல பார்ப்போம்.”

“மறுபதிப்பு வரைக்கும் சதுப்பு காத்திருக்குமா சார்?”

நகராட்சிக்கு எழுதிய பதிலை இயக்குநர் ஒரே வரியில் திரும்பப் பெற்றிருக்கலாம். பெறவில்லை. எண்ணை மாற்றியது பிரிப்பாளரின் அறியாமை, அதை மன்னிக்கலாம். பிழையென்று கண்ணால் கண்டபின்னும் அதை நிற்கவிட்டதற்கு என்ன பெயர் என்பதைப் படிப்பவரே சொல்லிக்கொள்ளட்டும்.

லாரிகள் மண் கொட்ட வருமுன், அக்காவும் கடிகாரம் பழுதுபார்க்கும் அவர் கணவரும் தோண்ட முடிந்ததைத் தோண்டி மாடியில் பழைய குளியல் தொட்டிக்கு மாற்றினார்கள்.

“ஊர்ல தொட்டியில மீன் வளர்க்கறாங்க. நம்ம வீட்டுல சேறு வளர்க்கறோம்.”

“வேரு ஒடியாமப் புடிங்க.”

“தினமும் பல்சக்கரம் புடிக்கற கை இது. உன் இயக்குநர் கை இல்ல.”

சதுப்பு இன்று சிமெண்டுத் தளம். மறுபதிப்பு 2012-இல் வந்தது. புள்ளி அதே இடத்தில், அதே பெயரில் இருந்தது. இல்லாத சதுப்பில், என்றும் முளைக்காத கொத்துக்கோரை இன்னும் அச்சில் முளைத்திருக்கிறது. தொட்டியிலோ ஓடுகோரை விளிம்புக்கு விளிம்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஓய்வுபெற்று ஆண்டுகள் சென்றபின், நடை தளர்ந்த நிலையில், அக்கா ஒரு நீண்ட அட்டையோடு காப்பகத்துக்கு வந்தார். தொட்டியிலிருந்து எடுத்து உலர்த்திய செடியொன்றும் கையில் இருந்தது. பழைய தாள்களைப் பிரிப்பாளரே எடுத்து வந்தார். அக்கா மூன்றையும் வரிசையாக அட்டையில் ஒட்டி, பக்கத்தில் தொட்டிச் செடியை மடிக்காமல், நறுக்காமல், அடிமுதல் நுனிவரை ஒட்டினார்.

“அக்கா, இது எந்த அலமாரிக்குள்ளயும் போகாதே.”

“போக வேண்டாம். மேலயே கெடக்கட்டும். வர்றவங்க தலையில இடிக்கட்டும்.”

இன்றும் அது கோரை அலமாரியின்மேல்தான் கிடக்கிறது, முன்பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொண்டு. அதன் கீழ்மூலையில், பிரிப்பாளர் கொடுத்த மூன்று எண்களையும் அடித்துவிட்டுத் தம் பழைய ஒற்றை எண்ணைக் கோரையக்கா தம் கையால் எழுதிய நாள்: 2016 ஆகஸ்ட் 9.