கறுப்புப் பையில் போன ஊசி

“வலிக்காது” என்று தினமும் இருபது பேரிடம் பொய் சொல்லிப் பிழைக்கும் பல் டாக்டர் நான். என்னை நம்புங்கள் என்று கேட்க எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நடந்தது. போன மாதம், ஒரு வியாழக்கிழமை, மாலை 6.40.

முதலில் என் கிளினிக்கின் குப்பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்குப் போகும். வெள்ளி அடைத்த பல்லைப் பிடுங்கினால், அதில் பாதரசம் இருப்பதால், தனி ஜாடி. ஊசி மட்டும் கெட்டியான வெள்ளை டப்பாவுக்கு. காகிதம், டீ கப் எல்லாம் கறுப்புப் பைக்கு. அதைத் தெருக் குப்பை வண்டி எடுத்துக்கொள்ளும். நான் எதையாவது மாற்றிப் போட்டால் நர்ஸ் விடமாட்டாள். “சார், நீங்க படிச்சுப் பாஸ் பண்ணீங்களா, பக்கத்துல பாத்து எழுதுனீங்களா?” என்பாள்.

அந்த வாரம் அவள் லீவு. செவ்வாய் மாலை வெள்ளை டப்பா நிரம்பிவிட்டது. புது டப்பா மேல் அலமாரியில். ஸ்டூல் போட்டு ஏறச் சோம்பல். கடைசி ஊசியைக் கையுறைக்குள் சுருட்டி, இப்போதைக்கு இருக்கட்டும் என்று கறுப்புப் பையில் போட்டேன். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், கைப்பழக்கமாக அந்தப் பையைக் கட்டி வெளியே வைத்துவிட்டேன். படுக்கையில்தான் நினைவு வந்தது. காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று புரண்டு படுத்தேன்.

காலை ஏழு மணிக்குப் போனேன். பை இல்லை.

எங்கள் தெருவில் குப்பை எடுக்கிற அக்கா அவ்வளவு சுறுசுறுப்பு. நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்தால் சிரிப்பார். “டாக்டர் தம்பி, உங்க முன்பல்லே கோணல். உங்கள நம்பி எப்படி வாயத் திறக்கிறது?”

யாரையாவது குத்தியிருக்குமோ... அன்று முழுக்க அதே நினைப்பு. மறுநாள், வியாழன், காலை ஐந்தரைக்கே வந்து காத்திருந்தேன். வண்டியே வரவில்லை.

மாலை 6.40. கடைசி நோயாளியும் போயாகிவிட்டது. பல் துளைக்கும் கருவிக்குக் காற்று தரும் கம்ப்ரஸரை நிறுத்தினேன்.

டக்... டக்...

பின்வாசல் கதவு.

பின்பக்கக் கேட்டை நான் ஆறு மணிக்கே பூட்டியிருந்தேன். ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கும் எரியவில்லை.

திறந்தேன். இருட்டில் அக்கா. எனக்கு உயிர் வந்தது.

“டாக்டர் தம்பி... உங்க சாமான் ஒண்ணு எங்கிட்ட வந்துடுச்சு.”

உள்ளங்கையை விரித்தார். ஊசி.

“ஐயோ... குத்திடுச்சாக்கா?”

“அத விடுங்க.”

“உள்ள வாங்க. கையக் கழுவணும். ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். மருந்து இருக்குக்கா, சீக்கிரம் போட்டா...”

“அதுக்கெல்லாம் நேரம் போயிடுச்சு தம்பி. இத எங்க போடறதுன்னு தெரியல. வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. கடைக்குட்டி எதையும் எடுத்து வாயில வைப்பா.”

திட்டவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

புது டப்பாவை எடுத்துவந்து நீட்டினேன். ஊசியைப் போட்டார்.

விழுந்தது.

சத்தம் இல்லை...

“மன்னிச்சுடுங்கக்கா” என்று நிமிர்ந்தேன்.

யாருமில்லை.

கேட்டுக்கு ஓடினேன். அப்போதுதான் விளக்கு எரிந்தது. எனக்காக.

பூட்டு போட்டது போட்டபடி.

வெள்ளி காலை 6.05. வண்டி வந்தது. இறங்கியவர் புது ஆள்.

“அக்கா எங்கண்ணே?”

“தெரியாதா சார்? புதன்கிழமை காலைல போய்ட்டாங்க. இதோ, இந்தத் தெருமுனையிலதான். கையில என்னமோ குத்திடுச்சுன்னு கையுறையக் கழட்டி விரலப் பாத்துக்கிட்டே நின்னாங்க. பின்னால வந்த லாரிய கவனிக்கல.”

கையிலிருந்த குப்பைப் பையைக் கீழே வைத்தேன்.

“அந்த... குத்துனது என்னன்னு பாத்தீங்களா?”

“எங்க சார்? கைக்குள்ளயே இறுக்கி வச்சிருந்தாங்க. ‘யாரும் தொடாதீங்க, குத்திடும்’னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, மூச்சு நிக்கிற வரைக்கும். அப்புறம் நாலு பேரு முயற்சி பண்ணியும் விரலப் பிரிக்க முடியல.”

என் பையைத் தூக்கி வண்டியில் வைத்தார். மெதுவாக.

“நேத்து மத்தியானம்தான் சார் அடக்கம். மூடுன கையோடயே புதைச்சுட்டோம்.”