கண்ணாடித் தொட்டிக்குள் அம்மாள் வருத்தம்

மீன் என்றால் சட்டிக்குள் கிடக்கவேண்டிய சாமான் என்றுதான் முப்பத்தைந்து வயது வரைக்கும் நினைத்திருந்தேன். அதைக் கண்ணாடித் தொட்டிக்குள் விட்டு, முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து பார்க்கிற ஒரு படித்த மனிசனை முதன்முதல் கிளிநொச்சியில்தான் கண்டேன். குளத்து வேலைக்கு வந்த எஞ்சினியர். ஏழு தங்கமீன் வைத்திருந்தார். குளக்கட்டு எந்த இடத்தில் கசிகிறது என்று அவருக்குத் தெரியாது. அதை நான்தான் காலால் மிதித்துப் பார்த்துச் சொல்லவேண்டும். ஆனால் எந்த மீன் எத்தனை மணிக்குத் தின்றது என்று தெரியும்.

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பதின்மூன்று வயதில் இரணைமடுவில் பிடித்த விராலை உயிரோடு பானையில் காவிக்கொண்டு பரந்தன் சந்தைக்கு நடந்தவன். அந்த நடையில் தொடங்கி அரிசி ஆலை, லொறி, கல்வீடு எல்லாம் என் கையால் தேடிக்கொண்டேன். ஒருவரிடமும் கைகட்டி நிற்கவில்லை. எஞ்சினியரிடம் மட்டும் அந்த வருஷம் கொஞ்சம் நின்றேன். புது வாய்க்கால் வெட்டுகிற கொந்தராத்தைக் கொடுக்கிற கையெழுத்து அவருடைய பேனைக்குள் இருந்தது.

மார்கழி லீவுக்குக் கொழும்புக்குப் புறப்பட்டவர் தொட்டியை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்.

"மூண்டு கிழமை. கவனமாப் பாரும். வந்தாப்பிறகு வாய்க்கால் விஷயம் கதைப்பம்."

கூடவே தடித்த இங்கிலிஷ் புத்தகம் ஒன்றும் தந்தார். எனக்கு அதை வாசிக்கத் தெரியும் என்று அவராக நினைத்துக்கொண்டார். தொட்டி ஆடாமல் இருக்க அதைக் கீழே முண்டு கொடுத்தேன்.

நாலாம் நாள் மீன்களின் உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளிகள், ரவை தூவினாற்போல. கல்லில் போய்த் தேய்த்தன. பிறகு ஒரு மூலையில் ஒதுங்கி வாயைப் பிளந்து மூச்சு வாங்கின.

என் மனைவி குனிந்து பார்த்தாள். "இஞ்சருங்கோ, இது அம்மாள் வருத்தம். கொப்பளிப்பான் போட்டிருக்கு."

"மீனுக்கோ?"

"அதுகளுக்கும் உடம்பு இருக்குத்தானே."

முடிந்தது. தொட்டியின் விளிம்பில் வேப்பிலை ஏறியது. குசினியில் பொரியல் இல்லை, தாளிதம் இல்லை. அம்மை கண்டு அம்மாள் வந்த வீட்டில் மருந்து என்ற பேச்சே கூடாது, குளிர்த்தி மட்டும்தான். தொட்டியை இருண்ட மூலைக்கு நகர்த்தி, ஈரச்சீலை போர்த்தி, விடியக்காலையில் கிணற்றுத் தண்ணீர் மாற்றினாள். மார்கழித் தண்ணீர், கை வைத்தால் விறைக்கும். ஆலையில் பன்னிரண்டு பேரை ஆட்டிவைத்த நான், அம்மாள் என்ற சொல்லுக்கு அடங்கிப்போய் நின்றேன். அது என் பிழைதான். வேப்பிலை ஏறின இரண்டாம் நாள் ஒரு மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

படித்த ஆளிடம் கேட்டுப் பார்ப்போம் என்று, மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரியாரைக் கூட்டிவந்தேன். தொட்டிக்கு முன்னால் நின்று இருமினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"மனிசருக்குக் குடுக்கவே என்னட்டை மருந்தில்லை. நீர் மீனைக் காட்டுறீர்."

"படிச்சனீங்கள், ஐயா. ஏதாவது பாருங்கோ."

ஒரு மீனைத் தூக்கினார். பஞ்சால் அழுத்தித் துடைத்தார். வாய்ப்புண்ணுக்குப் பூசுகிற ஊதா மருந்தைத் தடவினார். திரும்பத் தண்ணீரில் விடமுதலே அது அவர் கையில் முடிந்துவிட்டது.

"பலமில்லாத மீன்," என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்.

மிச்சம் ஐந்து. என் வாய்க்கால் இனி அந்த ஐந்தின் முதுகில்தான்.

அப்போதுதான் என் பழைய பானை நினைவுக்கு வந்தது. பானைக்குள் முட்டி மோதிப் புண்பட்ட விரால் மேலெல்லாம் பஞ்சு பூத்துச் சாகும். ஒரு பிடி உப்புப் போட்டால் சந்தை போய்ச் சேருமட்டும் தாங்கும். அதுவும் மழைக்குளிரில்தான் சாவு கூட. வெயில் காலத்தில் அவ்வளவு இல்லை. இதைப் பட்டம் பெற்ற ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

என் ஆலையில் நெல் அவிக்கிற கொட்டிலின் சுவரோரம் எப்போதும் இதமான சூடு இருக்கும். தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்தேன், கீழே அதே புத்தகத்தோடு. ஆனையிறவு உப்பைக் கரைத்து, ஒரேயடியாக ஊற்றாமல், காலையில் ஒரு சிரட்டை, பின்னேரம் ஒரு சிரட்டை விட்டேன்.

"அம்மாளோடை விளையாடுறியள்," என்றாள் மனைவி.

"குளிர்த்தி குடுத்து நீ ஒண்டை அனுப்பியாச்சு. இனி நான் விளையாடுறன்."

வேப்பிலையை மட்டும் கழற்ற விடவில்லை. வற்றாப்பளை அம்மாள் கோயிலில் பொங்கல் வைப்பதாக நேர்ந்தும் கொண்டாள்.

முதல் மூன்று நாள் புள்ளி கூடினாற்போல் இருந்தது. உப்புச் சிரட்டையை நான் நிறுத்தவில்லை. நாலாம் நாள் ஒரு மீன் மூலையை விட்டு வெளியே வந்தது. பத்தாம் நாள் ஐந்தும் தேய்த்த பித்தளைபோல மினுங்கின. ஒரு புள்ளி இல்லை.

எஞ்சினியர் வந்தார். விரலால் எண்ணினார். முகம் சுருங்கியது. செத்த இரண்டையும் சொல்லி, உப்பையும் சூட்டையும் சொன்னேன். தொட்டிக்குக் கீழிருந்து புத்தகத்தை உருவி ஒரு பக்கத்தை விரித்தார்.

"இதிலை அப்பிடியே கிடக்கு. உப்பு, சூடு. நீர் வடிவா வாசிச்சிருக்கிறீர்."

அந்தப் பக்கம் ஈரத்தில் மற்றப் பக்கத்தோடு ஒட்டியிருந்ததை அவரே நகத்தால் பிரித்துத்தான் வாசித்தார். அது அவருக்கு உறைக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. வாய்க்கால் எனக்கு வந்தது. அவரோ, தன் புத்தகம் ஐந்து மீனைக் காப்பாற்றிய கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

வைகாசியில் லொறியில் வற்றாப்பளைக்குப் போனோம். வழியில் மனைவியிடம் சொன்னேன்: "காப்பாத்தினது உப்பு. அந்தாளின்ரை புத்தகமுமில்லை, உன்ரை அம்மாளுமில்லை."

அவள் மடியில் இருந்த பொங்கல் பானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அங்கை அவவின்ரை விளக்கு கடல் தண்ணியிலைதானே எரியுது. உப்பு ஆரின்ரை சாமான் எண்டு நினைச்சியள்?"

எஞ்சினியருக்கு முன்னால் வாயை மூடினதற்கு எனக்கு ஒரு வாய்க்கால் கிடைத்தது. இவளுக்கு முன்னால் மூடினதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கோயிலடியில் பானையை இறக்கி, அடுப்புக்குக் கல்லும் நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன்.