வெறும் முழங்கால்

சிசிலி பட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையை அவள் அப்பா ஞானரட்ணம் தொடையில் வைத்து இறுக்கிச் சுருட்டினார். சவர்க்காரம் போட்டு அலசி, அடுப்படிக் கொடியில் காயவைத்த முழங்கால் பட்டிகள் இரண்டு. ரப்பர் நூல் சேர்த்து நெய்தவை. எண்பத்தேழாம் ஆண்டு, ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு.

"நல்லா இழுத்துப் புடி புள்ள. தொளதொளன்னு இருந்தா கணேசமூர்த்தி சிரிப்பாரு."

"திருப்பிக் குடுக்கப் போற சாமான்தானேப்பா. இவ்வளவு இறுக்கம் எதுக்கு?"

"எரவல் சாமான் எப்புடி வந்துச்சோ அப்புடியே போகணும்."

ஞானரட்ணம் ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை பெக்டரியில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். இலை அரைக்கும் ரோலர்களின் பெல்ட் அறுந்தால் தைப்பது அவர் வேலை. எழுபதுகளில் பழைய இரும்புச் சாஃப்ட் தண்டு ஒன்றின் இரு முனையிலும் கழித்துப்போட்ட சக்கரங்களை மாட்டி, பெக்டரித் தராசிலேயே நிறுத்து, தோளில் வைத்துக் குந்தி எழும்பப் பழகினார். அதற்குப் பவர்லிஃப்டிங் என்று பெயர் இருப்பதும், அதில் அந்தத் தூக்கலை ஸ்குவாட் என்பதும் கண்டியில் உடற்பயிற்சிக் கழகம் நடத்திய கணேசமூர்த்தி சொல்லித்தான் தெரியும்.

எண்பத்திரண்டில் கண்டியில் போட்டி வந்தது. லீவு கேட்டபோது பெக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கர் சிரித்தார்.

"குந்தி எழும்புறதுக்கு லீவா? லயத்துல எல்லாரும் அதத்தானய்யா செய்றாங்க!"

"நான் செஞ்சது சரின்னு அங்க எழுதுவாங்க, ஐயா" என்றார் ஞானரட்ணம். ஒரே ஒரு தூக்கல் செல்லுபடியாக வேண்டும். அதற்கு மேல் அவருக்கு ஆசை இல்லை.

அப்போது சிசிலி கண்டித் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து நேரே மண்டபத்துக்குப் போனாள். அங்கே அப்பாவின் இடுப்புப் பெல்ட் சோதனை மேசைமேல் கிடந்தது. ரோலர் பெல்ட்டில் வெட்டித் தைத்தது. ரோலர் சக்கரத்துக்கு ஐந்து அங்குல அகலம் என்பதால் தனக்கும் ஐந்து அங்குலமே வைத்திருந்தார். விதிப்படி பத்து சென்ரிமீற்றருக்கு, அதாவது நான்கு அங்குலத்துக்கு, மேல் கூடாது.

"அண்ணே, இது இடுப்புக்கா, ரோலருக்கா?" என்றார் கணேசமூர்த்தி.

சிசிலி பையிலிருந்த இரும்பு அடிமட்டத்தை வைத்துக் கோடு போட்டாள். கணேசமூர்த்தி கத்தியால் அறுத்தார். பெல்ட் தேறியது.

பட்டிகள் கணேசமூர்த்தியுடையவை. கட்டினால் எழும்பும்போது வில்லைப் போலத் தள்ளிவிடும், பத்துக் கிலோ கூடத் தூக்கலாம் என்று சொல்லி அவரே சுற்றிவிட்டார். ஞானரட்ணம் அதுவரை பட்டி கட்டியதில்லை. நூற்று நாற்பது கிலோவைத் தோளில் ஏற்றிக் குந்தினார். இறக்கம் பாதியில் நின்றது. எழும்பினார். மூன்று நடுவர்களின் விளக்குகளும் சிவப்பு; செல்லாது. இடுப்பு மடிப்பு முழங்கால் உச்சிக்குக் கீழே இறங்க வேண்டும், இறங்கவில்லை என்று நடுவர் சிங்களத்தில் சொன்னார். இரண்டாவது முறையும் அப்படியே. ஏற்றிய எடையைக் குறைக்க விதியில் இடமில்லை. மூன்றாவதும் தவறினால் போட்டியை விட்டே வெளியே.

நாள்தோறும் குந்தியபடி சோறு தின்கிற மனிதருக்குக் குந்தத் தெரியவில்லை என்று தீர்ப்பு.

"இன்னும் இறுக்கிச் சுத்துவோம்ணே."

"வேணாங்க. கழட்டிருங்க."

"வெறுங்காலோட போனா எழும்ப மாட்டீங்க!"

"எழும்புறது என் வேல. குந்துறதுக்குத்தான் இது வுடமாட்டேங்குது."

பட்டி கட்டாமல் பெக்டரியில் அதே எடையை ஒருமுறை தூக்கியிருந்தார். அது சிசிலிக்கும் தெரியும். ஆனாலும் அடிமட்டத்தைக் கை வலிக்கப் பிடித்திருந்தாள். அவர் இறங்கினார். லயத்து வீட்டு வாசலில் குந்துவது போலக் குதிகால்வரை இறங்கினார். எழும்பும்போது நடுவில் தடுமாறிற்று. முகம் கறுத்தது. பிறகு மெதுவாக, பழைய ரோலர் உருளத் தொடங்குவது போல, நிமிர்ந்தார். இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. செல்லும். "வெறுங்காலோடயே எழும்பிட்டீங்களேண்ணே!" என்றார் கணேசமூர்த்தி.

அன்றைய வரிசையில் கடைசிக்கு முந்தியவர் ஞானரட்ணம். ரயிலில் ஹட்டன்வரை தனக்குள் சிரித்தபடி வந்தாராம். மறுநாள் டீமேக்கரிடம் சொன்னது: "எழுதிட்டாங்க, ஐயா."

பையைத் திறந்தபோதுதான் பட்டிகளும் கூட வந்திருப்பது தெரிந்தது. கொடுக்கலாம் என்றிருந்தார். அடுத்த ஆண்டு, எண்பத்து மூன்றில், இனக்கலவரம். கணேசமூர்த்தி கண்டியை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று ஞானரட்ணம் பலரிடம் கேட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, மாத்தளையில் இருக்கிறார் என்று அங்கே போய்வந்த சிவசாமி கண்டக்டர் வந்து சொன்னார். அதனால்தான் அந்த ஞாயிறு பட்டிகளைத் துவைத்தது.

"சனிக்கிழம போறேன். கண்டி வரைக்கும் ரயிலு, அங்கருந்து பஸ்ஸு. நீயும் வர்றியா?"

"வாறேன்பா."

"வெறுங்கால்ல எழும்புனேன்ல? அத அவரு வாயால இன்னொருக்கா கேக்கணும்."

வியாழக்கிழமை பெக்டரியில் ஞானரட்ணத்துக்கு மாரடைப்பு. வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்தது.

பட்டிகள் இரண்டும் அவர் சுருட்டிய இறுக்கம் தளராமல் கதவுக்குப் பின்னால் பையில் தொங்குகின்றன. மாத்தளைக்கு இன்னும் யாரும் போகவில்லை.