பேச்சுக்குச் சித்தி தந்த முடிவு

மேடை கண்டு நான் அஞ்சியதில்லை. பதினொரு வயதிலும் அஞ்சவில்லை. எங்கள் தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் பேசுவது பிள்ளையின் பொறுப்பு, எழுதித் தருவது வீட்டாரின் பொறுப்பு. அவ்வாண்டுத் தலைப்பு பெண் விடுதலை. தொழிலாளர் கூட்டங்களில் முழங்கும் சித்தப்பா உரையை எழுதி, எங்கே கையை உயர்த்துவது, எங்கே மூச்சை நிறுத்துவது என்றும் பழக்கினார். மனப்பாடம் செய்வித்தவர் சித்தி.

புலம்பெயர்ந்து வந்த கிங்ஸ்பரியில் நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். பேக்கரித் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து வரும் சித்தி, பேருந்தில் அரபுப் பெண்களின் நாவல்களை ஆங்கிலத்தில் வாசிப்பார். அவற்றை முறையாகக் கற்க மாலைக் கல்லூரியில் இடமும் கிடைத்திருந்தது. ஆனால் வகுப்பு நடக்கும் செவ்வாய்களில்தான் சித்தப்பாவின் தோழர்கள் எங்கள் வீட்டில் கூடுவார்கள். அவர்களுக்குச் சமைக்க ஆள் வேண்டும். பிறகு பார்ப்போம் என்று சித்தப்பா கனிவாகவே சொல்லிவந்தார்.

தொழிலாளர் வென்றால் பெண்ணும் தானாகவே வெல்வாள் என்று முடிந்தது அவரது உரை. இதற்குக் கைதட்டல் விழாது என்று சித்தியிடம் முறையிட்டேன். உருளைக்கிழங்கை உரித்தபடியே அவர் ஒரு நாவலைச் சொன்னார். பஞ்சாலை வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஒருத்தியிடம், வென்ற அன்றே அவள் கணவன், அவனும் போராளிதான், உன் உரிமையைப் பிறகு பேசலாம் என்கிறான். கூலிக்காக எல்லோரும் சேர்ந்து போராடலாம். தன் வாழ்வைத் தனக்காகத் தெரிவுசெய்ய இன்னொருவர் வரமாட்டார். காத்திருப்பதும் தன் தெரிவே என்று அவளுக்குத் தெளிகிறது. கதவைத் திறந்து வெளியேறுகிறாள்.

"இதைக் கடைசியிலை சொல்லு பிள்ளை," என்றார் சித்தி. "சனம் தட்டும்."

தட்டியது. முதற்பரிசு எனக்கே. சித்தப்பா எழுந்து நின்று தட்டினார். முடிவை மாற்றியவர் யார் என்று அறிந்தபின், "எங்கடை வீட்டிலை இப்ப மூண்டு பேச்சாளர்," என்று எல்லோரிடமும் பெருமைப்பட்டார்.

அடுத்த செவ்வாய், வெற்றிக் கோப்பையை நடுவில் வைத்துத் தோழர்கள் முன் மறுபடி முழங்கினேன். சித்தி குளிரங்கியோடு வாசற்படியில் நின்று கடைசி வரி வரை கேட்டார்.

"எங்கை வெளிக்கிட்டனீர்?" என்றார் சித்தப்பா.

"வகுப்புக்கு. பருப்பு அடுப்பிலை இருக்கு. சோறு மட்டும் ஆக்கவேணும்."

"இண்டைக்கோ? ஆக்கள் வந்திருக்கினமெல்லே."

"ஓம். சோறாக்க அவையளாலும் ஏலும்."

தோழர் ஒருவர், அரிசி எங்கே இருக்கிறது என்று மெல்லக் கேட்டார். சித்தி இடத்தைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

எனக்கோ பெருங்குறை. அறை முழுவதும் தட்டியபோது அவர் ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. அத்தனை முழக்கமும் சித்தியின் காதில் ஏறவேயில்லையே என்று, சோறு வரும்வரை வருந்திக்கொண்டிருந்தேன்.