ஏழரை மணிக்கு அவள் அங்கே இல்லை

அந்தச் சிரிப்புகளைப் பதிவு செய்தது நான்தான். பிறகு நடந்ததைப் பற்றி எனக்கு இருக்கும் கோபத்தில் என் பங்கும் உண்டு என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் துணையாசிரியராக இருந்தேன். கணவருக்குக் கச்சிபௌலியில் வேலை கிடைத்ததும் ஹைதராபாத் வந்தோம். தமிழ்ச் செய்தியை வெட்டித் திருத்தத் தெரிந்தவளுக்கு இந்த ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்? கடைசியில், கச்சிபௌலியைத் தாண்டி இருந்த ஒரு தனியார் கல்லூரியின் எஃப்.எம். நிலையத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். நூலகத்தின் மாடியில் இரண்டு அறைகள், நடுவில் ஒரு கண்ணாடி. வளாகத்தைத் தாண்டி நாலு தெருவுக்கு மேல் கேட்காது. மாணவர்கள் இந்தியும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து பேசுவார்கள். பதிவுகளை வெட்டி ஒட்டுவதும், நேயர்களின் அழைப்புகளை எடுத்து உள்ளே அனுப்புவதும், யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று தினசரித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் என் வேலை.

அங்கே தமிழ் பேசியவள் ஒருத்திதான். எம்.எஸ்சி. முதலாண்டு மாணவி. திருமுல்கேரியில் வீடு. மூன்று தலைமுறைக்கு முன்னால் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்ட கத்தோலிக்கக் குடும்பம். அப்பா ராணுவ மருத்துவமனையில் எழுத்தர். நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குத் தினமும் பஸ் மாறி வர முடியாது என்பதால் கல்லூரி விடுதியில் இருந்தாள். நான் கணவரோடு தொலைபேசியில் பேசியதைக் கேட்டுவிட்டு, “நீங்க தமிழா அக்கா? கைக்கு இத்தினி நாள் சொல்லவே இல்ல?” என்று சண்டைக்கு வந்தாள். கைக்கு என்றால் ஏன் என்று அர்த்தம். அவள் வீட்டில் அதுவும் தமிழ்தான்.

அவளும் எம்.பி.ஏ. படிக்கும் ஒரு பையனும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். பாட்டு, வளாகத்துச் சங்கதிகள், ஒருவரை ஒருவர் வாரிக்கொள்வது. மதியம் பதிவு செய்து மாலையில் ஒலிபரப்புவோம். அவள்தான் அதில் கூர்மை. பையன் நீளமாகப் பேசிக்கொண்டே போவான், அவள் ஒரே வார்த்தையில் அவனைத் தரையில் இறக்கிவிடுவாள். நன்றாகப் போகிறது என்று தெரிந்ததும், நேயர்கள் அழைத்துப் பேசும் நேரலையாக மாற்ற நிர்வாகம் முடிவு செய்தது. நேரம் மாலை ஏழரை. எல்லா விடுதிகளிலும் சாப்பாட்டு நேரம், எல்லோரும் கேட்பார்கள்.

பெண்கள் விடுதியின் கேட் ஏழு மணிக்கு மூடிவிடும். ஆண்கள் விடுதியின் கேட் பத்து மணிக்கு.

அவளுக்குச் சிறப்பு அனுமதி கேட்டுத் தலைமை வார்டனுக்கு நிலையத்திலிருந்து ஒரு கடிதம் போனது. பதில் வரவில்லை. நிலையத்தின் பொறுப்பாளர் ஒரு பேராசிரியர், தெலுங்குக்காரர், கடிந்து பேசத் தெரியாதவர். பெண் குரல் இல்லாமல் நிகழ்ச்சி போவதில் அவருக்கு உண்மையாகவே வருத்தம். கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் குழுவுக்கு நிலையம் தரும் அறிக்கையில், பெண்களின் பங்கேற்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த வருத்தத்தில் பாதி அதற்காக. யோசனை சொன்னது பையன். அவளுடைய வணக்கம், சிரிப்பு, “அச்சா”, “நிஜமா”, “ஹவ்” எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து கம்ப்யூட்டர் விசைப்பலகையில் சாவிக்கு ஒன்றாகப் போட்டுவிட்டால், அவன் பேசப் பேசத் தட்டிக்கொள்வான். அனுமதி வரும்வரை, ஒரு வாரத்துக்கு மட்டும்.

அவளும் விளையாட்டாகச் சம்மதித்தாள். ஒரு மதியம் மைக் முன்னால் உட்கார்ந்தாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

“சிரி” என்றேன்.

“எத்துக்கு அக்கா? சும்மா சிரிச்சா எர்ரகட்டாவுக்கு இட்டுக்கினு போயிடுவாங்க.”

எர்ரகட்டாவில் இருப்பது மனநல மருத்துவமனை. திருமண வாழ்த்து ஒன்று இரங்கல் விளம்பரங்களின் நடுவில் அச்சாகி, மறுநாள் பெண்ணின் மாமா அலுவலகத்துக்கே வந்துவிட்ட கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அதை மூன்றாக வெட்டினேன். சின்னச் சிரிப்பு, நடுச் சிரிப்பு, பெரிய சிரிப்பு. “ஹவ்” வேண்டும் என்றபோது, “சாப்பிட்டியா?” என்று கேட்டேன். “ஹவ்” என்றாள். ஆமாம் என்று அர்த்தம். சுத்தமான ஒலி, ஒரே முயற்சியில் கிடைத்தது.

ஒரு வாரம் என்று சொன்னது நான்கு மாதம் ஓடியது. தினசரித் தாளில், தொகுப்பாளர்கள் இருவர், ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போகாத கூட்டத்துக்குப் போனதுபோல ஒரு நிருபர் எழுதிக் கொடுத்தால், அந்தத் தாளை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிக் கொடுக்கும் ஆசிரியரிடம் வேலை பார்த்தவள் நான். இங்கே அது தோன்றவில்லை. ரேடியோதானே, சிரிப்புதானே என்று இருந்துவிட்டேன். ஆட்கள் வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள். முக்கியமான நேரத்தில் எங்கள் நிலையத்தில் பாதிக் குரல் பெண்ணுடையது என்று பேராசிரியர் விருந்தினர்களிடம் சொல்வார். அந்தக் குரல் நான்கு மாதமாக ஒரு புது வார்த்தை சொல்லவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்ததே அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

இதற்கிடையில் பெண்கள் விடுதியில் ஒரு மனு தயாரானது. நூலகம் ஒன்பது மணிவரை திறந்திருக்கிறது, ஆகவே எங்கள் கேட்டும் ஒன்பதுவரை திறந்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். எழுதியவள் அவள். முதல் கையெழுத்தும் அவளுடையது.

மனு கல்லூரி முதல்வரிடம் போன வாரத்தில், தலைமை வார்டன் எங்கள் நிகழ்ச்சிக்கு விருந்தினராக வந்தார். ஐம்பது வயது தாண்டிய மனிதர், நல்ல குரல். பெண்களே இந்த நேரத்தைத்தான் விரும்புகிறார்கள், இரண்டு மூன்று பேர்தான் சத்தம் போடுகிறார்கள் என்றார். அதற்குமேல், “இங்கே உங்கள் கூட ஒரு பெண் இருக்கிறாரே, விடுதிப் பெண்தானே? அவரையே கேளுங்களேன். ஏழு மணி பாதுகாப்புதானே அம்மா?” என்று மைக்கைப் பார்த்துக் கேட்டார். அறையில் அவரையும் பையனையும் தவிர யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

பையன் தடுமாறினான். நேரலையில் மூன்று நொடி மௌனம் என்பது பெரிய விபத்து. அவன் விரல் சாவிக்குப் போனது. “ஹவ்” என்றாள் அவள். பின்னாலேயே சின்னச் சிரிப்பு.

நான் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் நிறுத்தவில்லை.

மறுநாள் மதியம் அவள் வந்தாள். கண் சிவந்திருந்தது, பேச்சு நிதானமாக இருந்தது. மனு திரும்பி வந்துவிட்டது. மனுவில் முதலில் கையெழுத்திட்ட மாணவியே தற்போதைய நேரம் பாதுகாப்பானது என்று பொதுவில் கூறியிருப்பதால் பரிசீலிக்க அவசியமில்லை என்று அதன் ஓரத்தில் எழுதியிருந்தார்கள். விடுதி மெஸ்ஸில் அவள் போய் உட்கார்ந்ததும் மேசையிலிருந்து மூன்று பேர் தட்டோடு எழுந்து போனார்களாம். ஏழரைக்கு அவள் விடுதியில்தான் இருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே வார்டனின் கேள்விக்கான பதிலை மதியமே பதிவு செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள்.

“நான் சொன்னேன் அக்கா. அந்த ஹவ் நாலு மாசம் முன்னாடி, சாப்ட்டியான்னு கேட்டதுக்கு சொன்னதுன்னு. நம்பமாட்றாங்க. அப்படி யாராச்சும் செய்வாங்களான்னு கேக்குறாங்க.”



அவள் கேட்டது ஒன்றுதான். அதே நிகழ்ச்சியில், அதே நேரத்தில், அந்தக் கேள்வி தன்னிடம் கேட்கப்படவே இல்லை என்று தன் வாயால் சொல்ல வேண்டும். பத்திரிகையில் தவறு வந்தால் மறுநாள் வருந்துகிறோம் என்று ஒரு சின்னக் கட்டமாவது போடுவோம், அதுபோலத்தான் என்று பேராசிரியரிடம் நானும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நியாயம்தான் என்றார். பிறகு, மனதார உதவும் குரலில், அவளைப் பார்த்துச் சொன்னார்:

“ஒரு பிரச்சினையும் இல்லைம்மா. நாளை மதியம் வந்து பதிவு செய்து கொடுத்துவிடு. ஏழரைக்குப் போட்டுவிடலாம்.”

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. அவருக்குப் புரியவில்லை. நான்கு மாதமாக அவளுடைய குரலை ஒரு பொருளாகக் கையாண்டு பழகியதில், அதற்குப் பின்னால் ஏழு மணிக்குப் பூட்டப்படும் ஒரு பெண் இருப்பது அவர் கணக்கிலேயே இல்லை.

“நக்கோ சார்” என்றாள் அவள். வேண்டாம் என்று அர்த்தம். வெளியே வந்ததும் என்னிடம், “ரெக்கார்டு போட்டா இன்னொரு தபா வெட்டிடுவாங்க. வெட்டறது நீங்கதானே அக்கா?” என்றாள். குத்திக்காட்டும் தொனி இல்லை. எனக்குக் குத்தியது.

அன்று மாலை முழுவதும் யோசித்துவிட்டு அவளை அழைத்தேன். நிகழ்ச்சியில் நேயர்களின் அழைப்பு முதலில் என்னிடம்தான் வரும். யாரை உள்ளே அனுப்புவது என்பது என் வேலை. அவளும் ஒரு நேயர்தானே. பேராசிரியரிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மதியம் பதிவு செய்துகொள்ளலாம் என்பார்.

மறுவாரம், ஏழரை. பையன் வழக்கம்போல அவளுடைய வணக்கத்தைத் தட்டி நிகழ்ச்சியை ஆரம்பித்தான். முதல் பாட்டு முடிந்ததும் அழைப்பை உள்ளே விட்டேன். அவன் உற்சாகமாக, யார் பேசுகிறீர்கள் என்று கேட்டான். அவள் தன் பெயரைச் சொன்னாள். அவன் தலையைத் திருப்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

அவள் இந்தியில் பேசினாள். பெண்கள் விடுதியின் பொது அறையிலிருந்து பேசுகிறேன், கேட் மூடி அரை மணி ஆகிறது, நான்கு மாதமாக உன் பக்கத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை என்றாள். பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான்கு மாதப் பழக்கத்தில் விரல் தானாகப் போய்ச் சாவியை அழுத்தியது. அவளுடைய பெரிய சிரிப்பு, அவளுடைய பேச்சின் மேலேயே ஓடியது.

அது முடியும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு, “இப்போது சிரித்தது நான் இல்லை. அன்றைக்கு ஹவ் சொன்னதும் நான் இல்லை. ஏழு மணி வேண்டாம் என்று எழுதியதுதான் நான்” என்றாள். பின்னால் யாரோ பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. தொலைபேசி ஒலியை இறக்கும் பொத்தான் பையனின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. அதை அவனுக்குச் சாதகமாகக் குறிப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

அடுத்த நாள் கல்லூரியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நிலையத்தின் வசதியைத் தவறாகப் பயன்படுத்தியதாக அவளுக்கு ஒன்று, அதன் நகல் திருமுல்கேரி வீட்டுக்கு. எனக்கு, ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று ஒன்று. சாவியைத் தட்டியவனுக்கு ஒன்றும் இல்லை. இல்லாத பெண்ணிடம் கேள்வி கேட்டவருக்கும் ஒன்றும் இல்லை. முந்தின நாள் நிகழ்ச்சிக்கான தாளை எழுத உட்கார்ந்தபோது பேராசிரியர் வந்து, அவளை நேயர் என்று போடச் சொன்னார். பெண்களின் பங்கேற்பில் நேயர்களைச் சேர்ப்பதில்லை. அவள் ஒரு சொல்லும் புதிதாகப் பேசாத நான்கு மாதம் முழுவதும் அந்தக் கட்டம் நிறைந்திருந்தது. வாய் திறந்து பேசிய ஒரே நாளில் காலி. நான் எழுதவில்லை. வேறு யாரோ எழுதினார்கள்.

அவள் அப்பா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு விடுதிக்கு வந்து, பார்வையாளர் அறையில் உட்கார்ந்து கடிதத்தை இரண்டு தடவை படித்தாராம். “நீ பேசினதா, ரெக்கார்டா?” என்று மட்டும் கேட்டாராம். பேசினதுதான் என்றதும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாராம்.

அந்த வாரமே புது மனு எழுதினார்கள். மெஸ்ஸில் தட்டோடு எழுந்துபோன மூவரில் ஒருத்திதான் அதை அவள் அறைக்குக் கொண்டு வந்தவள். கீழே ஏற்கெனவே இரண்டு பக்கத்துக்குக் கையெழுத்துகள். முதல் வரியை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். “போடுடி, மத்தவங்க எல்லாம் உனக்கு அப்புறம்தான்” என்றாளாம் வந்தவள், தெலுங்கில்.

மனுவைப் பெற்றுக்கொண்டதாக அலுவலக முத்திரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பதில் வரவில்லை. ஏழரை மணி நிகழ்ச்சியை இப்போது இரண்டு பையன்கள் நடத்துகிறார்கள். நிகழ்ச்சி முடிந்து கேன்டீனில் டீ குடித்து, சாவகாசமாக நடந்து போனாலும், கேட் மூட அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.